இருபது கிலோவுக்குக் கீழே

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கண்ணாடி அறை என்னுடையது.
லோரி ஏறும், எண் விழும்.
குலைகளைக் கொட்டிவிட்டு வெறும் வயிற்றோடு
திரும்பி வந்து மறுபடி ஏறும்.
முன்னதில் பின்னதைக் கழித்தால் பழம்.
எட்டு வருடமாக இந்தக் கழித்தலில்தான்
சோறு.

போன ஜனவரியில் இணையத்தில் ஒரு கடை திறந்தேன்.
திறந்தேன் என்றால்,
பெயர் வைத்தேன்.
'ஈர்க்கு'.
செம்பனை ஓலையை சுவார்த்தி சீவிக் கட்டுவாள்,
விளக்குமாறு ஒன்றுக்கு அவளுக்கு மூன்று ரிங்கிட்,
விற்பது என் பாடு.

எழுத்துரு தேடியதில் பிப்ரவரி போனது.
பச்சையா இளம்பச்சையா என்பதில் மார்ச்.
தள்ளிப்போடுவதை வெல்வது எப்படி என்று
பதினோரு காணொளி பார்த்தேன்,
நேரம் மிச்சமாகட்டும் என்று இரட்டை வேகத்தில்.
ஒருவன் ஐந்து மணிக்கு எழச் சொன்னான்.
எழுந்தேன்.
எழுந்து, இன்னொருவன் சொல்வதைக் கேட்டேன்.

படம் எடுக்க நினைத்த ஞாயிற்றுக்கிழமை
அறையின் அழுக்கு கண்ணில் பட்டது.
விற்க வைத்திருந்த ஒன்றை உருவி
கட்டிலுக்கடி வரை கூட்டித் தள்ளினேன்.
நல்ல சரக்கு, சந்தேகமே இல்லை.
ஆனால் அது இனி புதுசு இல்லை.

மிச்சம் இருபத்தொன்பதும்
வாசல் சுவரில் சாய்ந்து நின்றன.
வேலைக்குப் போகையில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்,
கடன் கொடுத்தவரைக் கண்டவள்போல.
சுவார்த்தி ஒன்றும் கேட்கவில்லை.
"சாரல் அடிக்குது, உள்ளே எடுத்து வை"
என்றாள் மலாயில், ஒரே ஒரு தடவை.
சுட்டது.

படிவத்தில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது,
ஏப்ரல் முழுக்க.
பொருளின் எடை?
எடை போட்டே பிழைக்கிறவளிடம்!
ஆளில்லாத ஒரு மத்தியானம்
அறுபது டன் தாங்கும் மேடையில்
ஒரு விளக்குமாற்றை வைத்தேன்.
சைபர்.
இன்னொன்றும் வைத்தேன். சைபர்.
இருபது கிலோவுக்குக் கீழே
அந்த இயந்திரத்துக்கு உலகத்தில் ஒன்றுமே இல்லை.

எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.
கடை என்றால் மொத்தமாக,
ஹாரன் அடித்துக்கொண்டு முழு லோரியாக வரவேண்டும்.
ஒரு படம், ஒரு விலை, ஒரு வரி
என் திரையில் ஏறியதே இல்லை.

சாலையைத் தாண்டி ஆ சூன் கடைக்கு நடந்தேன்.
நெத்திலி நிறுக்கும் தராசில் வைத்தார்.
அறுநூற்று நாற்பது கிராம்.
கட்டணம் கேட்கவில்லை, சிரித்தார்,
விளக்குமாற்றில் கொஞ்சம் மீன் வாசம்.

அப்புறம் ஓர் ஏற்பாடு.
கைப்பேசி இழுப்பறைக்குள்.
சாவி காவலாளி தில்பகதூரிடம்.
"அழுதாலும் தராதே."
ஒரு லோரி இறங்கி அடுத்தது ஏற ஏழு நிமிடம்,
அதற்குள் பழைய எடைச்சீட்டின் பின்பக்கம் ஒரு வரி.
வேலை விட்டதும் அதை ஏற்றிவிட்டுத்தான் தே ஓ.

எல்லா நாளும் வரி வரவில்லை.
ஒருநாள் அழவே வேண்டியிருக்கவில்லை, மிரட்டியே
சாவியை வாங்கிவிட்டேன்.
மூன்று மணி நேரம்
யாரோ ஒருத்தி கேக் வெட்டுவதைப் பார்த்தேன்.
மறுநாள் சாவியை நீட்டியபோது
தில்பகதூர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் வாங்கினான்,
நல்ல பிள்ளை.

ஜூன் ஒன்பது, மீரியிலிருந்து ரோஸ்லின்.
ஒரே ஒரு விளக்குமாறு.
கடல் தாண்டும் அஞ்சல் செலவை
நான் தப்பாகப் போட்டிருந்தேன்.
நட்டம் இரண்டு ரிங்கிட் நாற்பது சென்.

சுவார்த்தியிடம் அவள் பங்கை நீட்டினேன்.
மூன்றே தாள்தான்.
இருந்தும் எண்ணினாள்.

வாசலில் இன்னும் இருபத்தெட்டு.
அஞ்சல் செலவைத் திருத்த வேண்டும், நாளைக்கு
என்று சீட்டில் எழுதி
நாளைக்கு என்பதை மட்டும் அடித்தேன்.
வெளியே ஹாரன்.
பென்சில் பாதி வரியில் நிற்கிறது,
மேடையில் முன்சக்கரம் ஏறிவிட்டது.