உதவியாளர் என்ற கட்டம்

பொம்மனஹள்ளி வார்டு ஆபீஸில் நான்காவது கவுன்டர்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள்
படிப்பு என்ன என்றாள்.
ஒன்பதாவது, என்றேன்.
பாஸா?
ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டாவது வேண்டுமாம், மேலே ஒரு டிப்ளமாவும்,
பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட.
நான் சொல்லவில்லை இதை,
பின்னால் நின்ற பேக்கரிக்காரர் சொன்னது.
வரிசையே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன்,
போன ஆடியில் அஃப்ரோஸுக்கு வலிப்பு வந்தபோது
சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தவள்
நான் இல்லையென்றால்.
அது தப்பு என்று ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள்.
ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டுமாம்.
பத்து வருஷமாகத் தெரியாமலே
பிள்ளை பார்த்திருக்கிறேன்.

ஆகவே அலைந்தேன்.

ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர
வீட்டுக்காரர் ருத்ரப்பாவுக்கு
இருபதாயிரம் ரூபாய் ஆட்சேபணை இருந்தது.
தீயணைப்பு சிலிண்டர் ஒன்று வாங்கி மாட்டினேன்.
பிள்ளைகள் அதற்குச் சிவப்பு மாமா என்று பெயர் வைத்து
காலையில் குட்மார்னிங் சொல்கிறார்கள்.
விசாரிக்க வந்த கான்ஸ்டபிள்
உங்கள் மேல் வழக்கு ஏதாவது உண்டா என்றார்.
தினமும் உண்டு சார்,
லாரி பொம்மையை யார் முதலில் எடுத்தது என்று.
அவர் எழுதிக்கொள்ளவில்லை.
டீ குடித்துவிட்டுப் போனார்.

உடல்தகுதிச் சான்றுக்கு நெஞ்சில் எக்ஸ்ரே.
மூச்சைப் பிடியுங்கள், அசையாதீர்கள்,
என்றான் பையன்.
தூங்கிப்போன பிள்ளையைத் தோளிலிருந்து எடுத்து
பாயில் கிடத்தி, கழுத்துக்கு அடியிலிருந்து
கையை உருவுகிற வரைக்கும்
பிடிக்கிற மூச்சு ஒன்று உண்டே,
அதைப் பிடித்தேன்.
போதும் விடுங்கம்மா, விடுங்க, என்று
அவன் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அளக்க வந்தவர் நல்ல மனுஷர், செருப்பை வெளியே கழற்றினார்.
டேப்பின் மறுமுனையை மோனிஷ் பிடித்துக்கொண்டான்.
அறையின் சதுர அடியைப் பிள்ளைகளால் வகுத்து
பதினான்கு, என்றார்.
அதற்கு மேல் ஒரு தலை கூடாது.
என்னிடம் இருப்பது இருபத்தொன்று.
எல்லாம் கார்மென்ட்ஸ் பிள்ளைகள்.
எட்டரை சைரனுக்குள் விட்டுவிட்டு ஓடுவார்கள் அம்மாக்கள்,
ஷிப்மென்ட் நாளில் ராத்திரி ஒன்பதாகும் திரும்ப.
மீதி ஏழு பேர் யார் என்று
அவர் கேட்கவில்லை.
பஸ்ஸில் உட்கார்ந்தால் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன்.
ஒவ்வொரு நாளும் வேறு ஏழு பேர் வருகிறார்கள்.
ஒருநாள் மாடிவீட்டு இரட்டையரைச் சேர்த்தேன்,
அவர்களுக்குப் பாட்டி ஊரில் இருக்கிறாள் என்று.
சில்க் போர்டு வருவதற்குள் எடுத்துவிட்டேன்.

டிப்ளமாவுக்கு சைத்ரா கிடைத்தாள்.
இருபத்துமூன்று வயது, அழகான கையெழுத்து,
பிள்ளை வாந்தி எடுத்தால் தானும் எடுத்துவிடுவாள்.
ஆனால் வலிப்புக்கு என்ன செய்வதென்று
படம் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.
உரிமம் அவள் பெயரில்தான் வரும்.
என் பெயரை எங்கே எழுதுவது என்று தெரியாமல்
பேனாவை வைத்துக்கொண்டு அழப் பார்த்தாள்.
நான்தான் காட்டினேன்,
கீழே, ஓரமாக, சின்னதாக
உதவியாளர் என்று ஒரு கட்டம் இருந்தது.
ஃபிலோமினா என்ற பெயருக்கு அது போதவில்லை.
கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே நிற்கிறது.

நேற்று ஆறாவது தடவை, அதே கவுன்டர்.
எல்லாத் தாளையும் புரட்டிவிட்டு
முத்திரை குத்தி ரசீது நீட்டியவள்
விடாமல் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு
கண்ணாடி ஓட்டைக்கு அருகே குனிந்தாள்.
பத்து மாசக் குழந்தையை எடுப்பீர்களா?
என் மகள் ஜூனில் வேலைக்குத் திரும்பணும்.

உரிமம் வரட்டும் மேடம், என்றேன்.
படியிறங்கும்போதே எண்ணிவிட்டேன்.
இப்போது எட்டு.