அட்டையில் ஒரு சொட்டு

முதல் தடவை
டேப்பட் கவர் பேக்கிங் என்றேன்.
இரண்டாம் தடவை
கிராங்க் பின்சீல் என்றேன்;
கியர்பாக்ஸை இறக்கி ஏற்றி
நாலாயிரத்து இருநூறு வாங்கினேன்.
மூன்றாம் தடவை மைமூன்
அரவேணு வளைவில் வண்டியை ஓரங்கட்டி
சாவியை என் ஸ்பேனர் தட்டில் போட்டுவிட்டு
ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

வெள்ளை ஆம்னி. பின்சீட்டு கிடையாது,
வர்க்கித் தட்டுகள்தான்.
நெய் மணத்துக்கு அடியில்
கருகின ஆயில் வாடை.
"டானிங்டன் கடையில
சரக்கைத் திருப்பிட்டாங்க" என்றாள் அப்புறம்.
"வர்க்கியில புகை நெடியாம்."

ஒழுகினால் தரை சாட்சி சொல்லும்.
எரிந்தால் புகைதான் சொல்லவேண்டும்.
ஆனால் இந்த மலையில் பாதி நாள் மூட்டம்,
எது மேகம், எது சைலன்சர்
என்று யார் பிரிப்பது?

குஞ்சப்பனைப் பக்கம் இறக்கினேன்.
இரண்டாம் கியர், காலை எடுத்துவிட்டு
நாலு வளைவு.
ஐந்தாவதில் மிதித்தேன்.
கண்ணாடியில் ஒரு நீலம்
எழுந்து சில்வர் ஓக் நடுவே கலைந்தது.
மேகத்துக்கு அந்த நிறம் வராது.

திரும்பி ஏறும்போது
அடி வரை அழுத்தியும் புகை அதிகமில்லை.
ரிங் தேய்ந்திருந்தால்
ஏற்றத்தில்தான் மானம் போகும்.
போர் எடுக்கவேண்டாம்.
அதை அவளிடம் உடனே சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

மண்ணெண்ணெயில் எஞ்சினைக் குளிப்பாட்டி
காற்றடித்துக் காயவைத்து
முகப்பவுடர் டப்பாவில் பாதியைத் தூவினேன்.
கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி நின்றது.
இருபது நிமிடம் ஓடவிட்டு
டார்ச் அடித்தால்
கவர் ஓரம் ஒரு கோடு,
டிஸ்ட்ரிபியூட்டர் இடுக்கில் ஒன்று,
பின்சீல் பக்கம், நான் மாற்றின சீல் பக்கம்,
இன்னொன்று.
எல்லா இடமும் ஒழுகினால்
எந்த இடமும் குற்றவாளி இல்லை.

ஆயில் மூடியைத் திருகினேன்.
அடியில் மஞ்சளாய்த் தயிர் ஏடு.
ஹெட் போச்சு என்று
போன வருஷமாய் இருந்தால் சொல்லியிருப்பேன்.
ரேடியேட்டரில் தண்ணீர் குறையவே இல்லை.
பேக்கரி, பஸ் ஸ்டாண்டு, டானிங்டன், பேக்கரி.
சூடேறுமுன்னே அணைகிற வண்டி;
உள்ளே வேர்த்த ஈரம்
போக நேரமில்லாமல் ஆயிலோடு கடைந்திருக்கிறது.

அப்போதுதான் கை அங்கே போனது.
பி.சி.வி வால்வு. சுண்டுவிரல் அளவு.
எஞ்சின் மூச்சு விடுகிற ஓட்டை.
பிடுங்கிக் காதோரம் ஆட்டினேன்.
கிலுக் என்று வரவேண்டும்.
வரவில்லை.
பசை குடித்து ஊமையாகி இருந்தது.
மூச்சடைத்த எஞ்சின்
கிடைத்த சந்தெல்லாம் முட்டியிருக்கிறது;
ஆயிலைச் சந்து வழியே வெளியே தள்ளி,
மிச்சத்தைத் தானே குடித்து எரித்திருக்கிறது.
என் பேக்கிங் நல்ல பேக்கிங்.
என் சீல் நல்ல சீல்.

புது வால்வு நூற்றெண்பது ரூபாய்.
ஹோஸைக் கம்பி விட்டுக் குடைந்தேன்,
ஆயில், பில்டர் மாற்றினேன்.
சாயங்காலம் வந்தாள்.
"சீல் போகலம்மா" என்றேன்.
"போன தடவையும் போகல."
ஒரு தேயிலை லாரி
ஹாரன் அடித்துக் கடந்தது. போகட்டும் என்று இருந்தாள்.
"அப்ப அந்த நாலாயிரத்து இருநூறு?"
"கழிச்சுக்கலாம்."
"எதுல?"

எண்ணி வைத்தேன். அறுநூறு குறைந்தது,
நாளைக்கு என்றேன்.
"வாரம் ஒருக்கா மேட்டுப்பாளையம் வரைக்கும்
இறக்கி ஏத்துங்க, நல்லா சூடாகட்டும்."
"அங்க யாரு என் வர்க்கிக்குக் காத்திருக்கா?"
என்றாலும்
நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள்.
"ராத்திரி இங்கயே நிக்கட்டும்.
அடியில அட்டை விரிச்சு வைங்க. காலைல நானே பாக்குறேன்."

காலை ஆறு மணி. விரல் விறைக்கிற குளிர்.
அவளுக்கு முன்னால் குனிந்தேன்.
எஞ்சினுக்கு நேரே அட்டை காய்ந்து கிடந்தது.
ஒரு சாண் பின்னால்
ஒரே ஒரு சொட்டு.

தொட்டு மோந்தேன்.
கந்தக வாடை.
கியர் ஆயில்.

ரோட்டில் அவள் செருப்புச் சத்தம்.