ஆலைச் சங்கு

லிஸ்பனிலிருந்து வந்தவர், மூன்று மாதம் தங்குவாராம்.
ஓவியர் என்றார்கள், தூரிகையே காணோம்.
ஓர் ஒலிப்பதிவுக் கருவி, இரண்டு நாற்காலி,
என்னிடம் இரவல் வாங்கிய கெட்டில்.

மத்தி மீன் ஆலையின் சங்கு
எங்கள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.
எண் 214. ஊதாது.
எப்படி ஊதும் என்று
ஊரைக் கேட்டார் தொமே.

செவ்வாய்தோறும் வந்தார்கள்.
ஸுல்மிரா மூக்கால் ஊதிக் காட்டினாள், சினைமாடு போல.
அது பக்கத்து ஆலைச் சங்கு என்று
எர்மீனியா எழுந்து போனாள்.
மறுவாரம் கேக்கோடு வந்தாள்,
சமாதானத்துக்கு அல்ல,
தன் சங்கை ஊத.

ஒருத்தி ஊதவேயில்லை.
படகுகள் கரைதொட்ட ராத்திரி இரண்டு மணி,
பால் குடித்த பிள்ளையைப் பிடுங்கிக் கிடத்திவிட்டு
ஓடியதை மட்டும் சொன்னாள்.
அதையும் பதிந்துகொண்டார்.

மொத்தம் நாற்பத்தொரு சங்கு.
எது சரியானது, அட்டையில் எழுதவேண்டுமே என்கிறார் இயக்குநர்.
தொமே தோளைக் குலுக்கிவிட்டு ரயிலேறிவிட்டார்.

நான் இரவுக் காவலாள்.
நேற்று ஜன்னல்களைத் திறந்து
எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டேன்.

துறைமுகத் தெருவில்
மூன்று வீடுகளில் விளக்கெரிந்தது.
ஒரு கதவு திறந்தது,
உள்ளே யாரோ செருப்பைத் தேடினார்கள்.