ஊடையில் ஒரு வில்லை

கப்பல் பட்டறையில் உடைத்த பெட்டிப் பலகை,
பதினெட்டு ஆணி, கதவு போன ஒரு சட்டம்:
செம்பவாங்கில் எங்கள் தறி இவ்வளவுதான்.
பாவுக்கு அரிசிச் சாக்கு பிரித்த சணல்.
நாடா கிடையாது, விரல்தான் நாடா.
அடித்து இறுக்க இவருடைய உடைந்த ரம்பம்,
பல் மழுங்க ராவியது.

வேலைநிறுத்தம். முப்பத்தோராம் நாள்.
காப்பிக்கடைக் கடன் நோட்டில்
எங்கள் பக்கம் தீர்ந்து
மாரிக்கண்ணு வீட்டுப் பக்கத்தின் அடியில்
எழுத ஆரம்பித்திருந்தார்கள்.
இவர் கூட்டத்துக்குப் போவார், வருவார்,
"இன்னும் ரெண்டே நாள்" என்பார்.
ரெண்டு நாள் என்றால்
என் கணக்கில் அரை விரிப்பு.

கந்தலுக்கு எங்கே போவது?
சாலேஹாவின் கிழிந்த சிவப்புக் கைலி,
மாவுச் சாக்கு, கொசுவலை, என் சீட்டிப் பாவாடை இரண்டு.
எல்லாம் தீர்ந்த அன்று
கொடியில் தொங்கியது அந்த நீல உடுப்பு.
முட்டி போயிருந்தது. அக்குளில் எண்ணெய்க் கறை.
கோபமா என்று கேட்டால்
இருந்திருக்கலாம்.
கிழிக்கும்போது நல்ல சத்தம் வந்தது.

இரண்டு விரல் அகலத்தில் பட்டை பட்டையாக,
ஒன்று மேல், ஒன்று கீழ், ஒன்று மேல்.
சிவப்புக்குப் பக்கத்தில் நீலம் நன்றாக அமர்ந்தது.
ஓரிடத்தில் மட்டும் என்னவோ தடித்தது.
பித்தான் என்று நினைத்து
ரம்பத்தால் இரண்டு அடி கூடப் போட்டேன்.

ஓடைக்கு அப்பால் பன்றி வளர்க்கும் ஆ மூய்
இரண்டரை வெள்ளிக்கு வாங்கிப் போனாள்.
அன்று அரிசி. மறுநாள் கருவாடும்.

அதற்கும் மறுநாள், விடியுமுன், சங்கு.
முடிந்தது முடிந்தது என்று
கம்பத்தின் கடைசி வீடு வரை கூச்சல்.
இவர் கொடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"உடுப்பு போகட்டும், கைலியிலேயே போறேன்.
வில்லை எங்கே?
பை மடிப்புக்குள்ளே தச்சு வச்சிருந்தேனே,
பித்தளை வில்லை, நம்பரோட?
அது இல்லாம வாசல்ல விடமாட்டான்."

என் கைக்குத்தான் முதலில் நினைவு வந்தது அந்தத் தடிப்பு.

லாலான் புல் ஈரத்தில் ஓடினோம்.
விரிப்பின்மேல் ஆ மூயின் குழந்தை தூங்குகிறது.
எழுப்பினால் கொல்வேன் என்பதை
மலாயில் சொன்னாள், பிறகு கையால்.
குத்துக்காலிட்டு, ஓரத்திலிருந்து தடவினேன்,
இருட்டில் அரிசிக்குள் கல் தேடுவதுபோல.
ஐந்தாவது சிவப்பு, ஏழாவது நீலம்,
குதிகாலுக்கு ஒட்டினாற்போல்.
அடித்து இறுக்கியவள் நான்தானே, லேசில் வருமா?
நகத்தால் சணலை நெம்பி நெம்பி,
இரண்டாவது சங்குக்குள்
பித்தளை வெளியே வந்தது.
நாலு எண்ணில் ஒன்று நசுங்கியிருந்தது.

இவர் ஓடினார், கைலி காலைத் தட்ட.
ஆ மூய் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள்.
ஐம்பது காசு திருப்பிக் கேட்டாள்.
நியாயம்தான். கொடுத்தேன்.

இரவு இவர் பேசவில்லை. சாப்பிட்டார், படுத்தார்.
காலையில் பார்த்தால் தறிக்கடியில்
பட்டறையில் கழித்த துணி ஒரு மூட்டை,
எண்ணெய் நாற்றத்தோடு.
அலசிப் போட்டேன்,
ஒவ்வொரு மடிப்பையும்
இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு.