யாருடைய புள்ளி

காலையில் மீன்கடைப் பலகையைப் பார்த்துச் சிரித்தேன்.
"புத்தம்புதிய" ஹாடாக், கிலோ பதினொரு பவுண்டு.
மேற்கோளுக்குள் போட்ட சொல்லை
மேற்கோளே நம்பாது, பிராக்கிள்ஸ்பி, என்றேன்.
அழகுக்குப் போட்டேன் என்றார்.
மோந்து பார்த்துட்டுப் பேசு என்றார்.

இப்போது மணி இரவு பதினொன்றேகால்.
கிரிம்ஸ்பி துறைமுகத்தில் கயிறுகள் முனகுகின்றன.
ஐந்தாம் பக்கம் இன்னும் என் மேசையில்.

மரண விசாரணையில் ராலண்ட் காத்தோர்ன் சொன்னது,
நான்கு பத்தி.
ஒவ்வொன்றும் குறி போட்டுத் திறக்கிறது;
முதல் மூன்றும் மூடவில்லை.
பிழையில்லை.
பேசுகிறவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.
பத்தி உடைந்த இடத்தில்
தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்திருப்பார்.

அண்ணனுக்கு இரட்டைக் குறி.
அண்ணன் வாய்க்குள் தம்பி பேசும்போது ஒற்றை.
வயர்லெஸ்ஸில் கடைசியாகக் கேட்டதாம்:
'கரை விளக்கு தெரியுது, கெட்டிலை அடுப்புல.'

தம்பியின் குறிக்குள்ளே
முற்றுப்புள்ளி வைத்திருந்தாள் நிருபர் பெர்னிஸ்.
தொலைபேசியில் எழுப்பினேன்.
முடித்தானா?
யார்?
தம்பி. அந்த வாக்கியத்தை.

நோட்டுப் புத்தகம் புரளும் சத்தம்.
இல்லை, என்றாள். அதற்கப்புறம் இரைச்சல்தானாம்.

அமெரிக்காவில் என்றால்
யாருடையது என்று கேட்காமலே
புள்ளியை உள்ளே தள்ளிவிடுவார்கள்.
இங்கே கேட்க வேண்டியிருக்கிறது.
அடித்தேன்.
தம்பிக்கு ஒரு கோடு மட்டும்.
அவன் குறியை மூடி,
அதற்கு வெளியே புள்ளி,
அதற்கும் வெளியே அண்ணனின் குறி.
புள்ளி அண்ணனுடையது.
அவர் அதைச் சொல்லி முடித்து
உட்கார்ந்துவிட்டார் என்று
பெர்னிஸின் குறிப்பில் இருக்கிறது.

தலைப்பு மிச்சம்.
படகு கம்பெனி தன் அறிக்கையில் சொன்ன ஒரே சொல்:
விபத்து.
அப்படியே போடு, குறி எதற்கு,
இடம் வேறு இல்லை என்று
மாலையிலேயே சொல்லிப் போனார் ஆசிரியர்.

எழுத்தை அரைப் புள்ளி சிறிதாக்கினேன்.
இடம் கிடைத்தது.
'விபத்து'.

நாளை அவர்கள் வக்கீல் கூப்பிட்டு
அந்த இரண்டு கொக்கி எதற்கு என்று கேட்டால்
அழகுக்கு என்பேன்.