வலிக்கிற நாளில் வண்டி எடுக்கலாம்

நாலரை மணிக்குச் சாவியை எடுத்து
முதலில் வலது உள்ளங்காலில் கீறுவேன்.
சுருக்கென்றால் சரி,
ஜீப்பைக் கிளப்பலாம்.
புதுப்பட்டி விலக்கில்
தூக்குவாளிகளோடு பதினாலு பேர் நிற்பார்கள்
ஏலக்காட்டு வேலைக்கு.

இடுப்புக்குள் யாரோ
ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி
வலிக்கிற காலை நல்ல காலை.
கால் வேலைக்கு வந்துவிட்டது.

வராத நாளும் உண்டு.
மழைக்குத்தான் என்று நினைத்தேன்,
சித்திரை வெயிலிலும் போனது.
பாரம் தூக்கியதால் என்றார்கள்,
சும்மா கட்டிலில் கிடந்த ஞாயிற்றுக்கிழமையும் போனது.
ஒருமுறை கல்யாணப் பந்தியில்,
ரசத்துக்கும் மோருக்கும் நடுவே.
அன்றைக்குச் செருப்பு எங்கே கழன்றதென்று
இதுவரை தெரியாது.

கட்டப்பனை டாக்டர்
படத்தை வெளிச்சத்தில் பிடித்து
நாலுக்கும் அஞ்சுக்கும் இடையில் என்றார்,
பஸ் ஸ்டாப் சொல்வதுபோல.
"நல்ல ரெஸ்ட் வேணும், கேட்டோ."
கேட்டேன்.
ஜீப்புக்கு இன்னும் பதினோரு தவணை.

மெட்டு ஏற்றத்தில் கால் மரத்தால்
கண்ணால்தான் ஓட்ட வேண்டும்.
ரோட்டுக்கு ஒரு பார்வை,
பெடலுக்கு ஒரு பார்வை,
அங்கேதான் இருக்கிறதா என் பாதம்.
பின்னால் ஒச்சம்மா
கொழுந்தனைத் திட்டிக்கொண்டே வருவாள்,
வண்டியே சிரிக்கும்.
செக்போஸ்டில் டார்ச் அடித்துத்
தலையை எண்ணுவார்கள்.
காலை எண்ணுவதில்லை.

ஆடியில் ஒருநாள், வண்டன்மேட்டுக்குக் கீழே,
கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தேன்.
வீருசின்னு என் காலைப் பார்த்தாள்.
கெண்டைச் சதையில் மூன்று அட்டை,
நாவல்பழமாய் உப்பி.
அட்டை கடிப்பது யாருக்கும் தெரியாது,
அதில் ஒன்றுமில்லை.
பிய்த்துப் போட்டுவிட்டு
தன் டப்பாவிலிருந்து சுண்ணாம்பை வழித்து
ரத்தத்தின்மேல் அப்பினாள்.
நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.
"எரியலையாண்ணே?"
"எரியுது" என்றேன்,
கொஞ்சம் தாமதமாக.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.
மறுநாளிலிருந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள்,
தூக்குவாளியை மடியில் வைத்து,
ஒரு கையை மட்டும் சும்மா வைத்து.

நேற்று இறக்கத்தில்,
கம்பத்து விளக்குகள் தெரியத் தொடங்குகிற வளைவில்,
போய்விட்டது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டேன் போல.
ஹேண்ட்பிரேக்கில் என் கை விழுமுன்
அவள் கை அங்கே இருந்தது.
வண்டி பாறையோரம் முனகி நின்றது.
"அண்ணனுக்கு அவசரமாம்" என்றாள் பின்னால் திரும்பி.
பதின்மூன்று பேரும் சிரித்தார்கள்.

இறங்கி,
பாறையில் கை ஊன்றி,
வராத ஒரு காலுக்காக நின்றேன்.
மலையில் வேறு வண்டி இல்லை.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது,
பஸ்ஸை விட்டவன் மாதிரி
தொடையில் இழுத்து இழுத்து
மூச்சு வாங்கிக்கொண்டு.
பல்லைக் கடித்தேன்.
அப்பாடா என்றிருந்தது.

திரும்பி வந்து ஏறப் போனால்
சாவி அவள் கையில் இருந்தது.

"செருப்பைக் கழட்டுங்கண்ணே" என்றாள்.