கடுகளவு வாசலின்

மொஷோன்மஜ்யாரோவார்.
ஊர்ப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்
ஒரு பல்லைப் பிடுங்கிவிடலாம் என்பார்
எங்கள் டாக்டர் கெரெச்சென்.
எங்கள் தெருவில் ரொட்டிக்கடை இரண்டு.
பல் மருத்துவமனைகளை
எண்ணி முடித்தவர் இல்லை.
வியன்னாக்காரர்கள் காலைப் பேருந்தில்
வாயை மூடிக்கொண்டு வருவார்கள்.
மாலைப் பேருந்தில்
உதடு மரத்துப்போய், காபி சிந்திக்கொண்டு
திரும்புவார்கள்.

தட்டு அடுக்குவது என் வேலை.

தாடைக்குள் திருகிய டைட்டானியம்
எலும்போடு கூடிவர மூன்று மாதம்.
அதற்குப் பிறகும் ஈறு கதவைச் சாத்தப் பார்க்கும்.
சாத்தவிடாமல் நிலைப்படியில்
காலை நீட்டிக் கிடக்க
ஒரு குட்டி உலோக மூடி.
சட்டைக் கழுத்துப் பட்டை போல
ஈறு அதைச் சுற்றி வளைந்துகொள்ளும்.
ஒருநாள் கழற்றுவோம்.
மோதிரம் கழற்றிய விரலில் இருப்பது மாதிரி
ஒரு வட்டம் மிஞ்சும்,
ஈரமாக, இளஞ்சிவப்பாக.

அதன்மேல் தற்காலிகப் பல், அக்ரிலிக்கில்.
ஆய்வகத்தில் கெவே செய்கிறான்.
"இவ்வளவு அழகாகச் செய்யாதே,
அப்புறம் யார் திரும்பி வருவார்கள்?"
என்று டாக்டர் கத்துவார்.
கெவே தலையாட்டுவான்.
அடுத்ததையும் அழகாகத்தான் செய்வான்.

ஒட்டுவதற்கு சிமென்ட் குழைப்பவள் நான்.
கண்ணாடிப் பலகையில்
வெள்ளையாக இரண்டு கோடு,
கடுகளவு வாசலின்.
பிடிக்கவும் வேண்டும்,
கேட்டால் விடவும் வேண்டும்.

நோட்புர்கா அம்மாள் வந்த அன்று
வாசலின் தீர்ந்திருந்தது.
அலமாரியில் இன்னொரு குழாய் இருந்தது,
மேல்தட்டில்.
எனக்கு முட்டி வலி.
எழுந்து போகவில்லை.

சிம்மெரிங்கில், கல்லறைத் தோட்டத்து வாசலில்
பூக்கடை வைத்திருக்கிறாள்.
மேல்வரிசை, முன்பல்லுக்கு அடுத்தது.
"ஆப்பிள் கடிக்கக் கூடாது, கொட்டை கூடாது,
மூன்று மாதம் கழித்து வாருங்கள்."
சரி என்று தலையாட்டிப் போனவள்
வரவில்லை.
கடிதம் போட்டோம்.
இன்னொரு கடிதம்.
தொலைபேசியில் யாரோ
ரோஜா விலை சொன்னார்கள்.

நான்கு வருடம் கழித்து,
ஒரு பிப்ரவரி, பனிச்சேறு ஒட்டிய காலணியோடு
அதே நாற்காலியில்.
"வலிக்கவில்லையே" என்றாள்.
"பணம் எடுத்துத்தான் வைத்திருந்தேன்.
குளிர்பெட்டி கெட்டுப்போனது.
பூ வாடிவிடும் அல்லவா?"

விளக்கைத் திருப்பினோம்.
தேநீர் நிறத்தில் அந்த அக்ரிலிக்.
அதன் விளிம்பில் ஒரு சிறு பள்ளம்,
அரத்தால் ராவியது போல நேராக.
மலர்வளையம் கட்டும்போது
இரண்டு கையும் வேலையில் இருக்க,
கம்பியை அங்கேதான் கடித்துப் பிடிப்பாளாம்.
எத்தனை வளையம் என்று நான் கேட்கவில்லை.
நவம்பர் முதல் வாரம் மட்டும்
இருநூறு என்று அவளே சொன்னாள்.

டாக்டர் இடுக்கி வைத்து இழுத்தார்.
அசையவில்லை.
கொக்கி மாட்டித் தட்டினார்.
தட்டத் தட்ட என் முட்டியில் கேட்டது.
"என்ன சிமென்ட் இது?" என்றார் ஹங்கேரியனில்,
அவளுக்குப் புரியாதபடி.
நான் பஞ்சுகளை அடுக்கினேன்,
அடுக்கியவற்றையே மறுபடியும்.

கடைசியில் அறுத்தோம்.
இரண்டாகப் பிளந்து தட்டில் விழுந்தது,
பள்ளம் ஒரு பாதியோடு போயிற்று.
அடியில் ஈறு, ஒரு குறையும் இல்லாமல்.

புதுப் பல் சிர்கோனியா.
ஆயுளுக்கும் நிற்கும் என்றார் டாக்டர்.
கண்ணாடியில் பார்த்தாள்,
நாக்கால் துழாவினாள்.
பிறகு கைப்பையைத் திறந்து
பச்சைக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்து
கடித்துப் பார்த்தாள்.
வழுக்கியது.
பக்கத்துப் பல்லுக்கு நகர்த்தினாள்.
அங்கும் நிற்கவில்லை.
"பழகிவிடும்" என்றேன்.
"பழகும்" என்றாள், எழுந்து மேல்கோட்டு போட்டபடி.

மஞ்சள் பெட்டிக்குள் இரண்டு பாதியும் விழுந்த சத்தம்
சின்னது.
அடுத்த ஆள் லின்ஸிலிருந்து, கீழ்க்கடைவாய்.
வாசலின் இன்று கைக்கெட்டும் தூரத்தில்.
எடுத்தேன்.
கடுகளவு.
அதிலும் கொஞ்சம்
விளிம்பில் துடைத்துவிட்டேன்.